டூட்டி ஏறியது, தரம் ஏன் இறங்கியது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறீர்கள். பாரிமுனை மொத்தக் கடைகளில் சரக்கு எடுக்கிறீர்கள். "சைனா சரக்குக்கு இறக்குமதி டூட்டி ஏத்திட்டாங்கன்னு பட்ஜெட்டுக்கு பட்ஜெட் படிக்கிறேன். ஆனா எனக்கு வர்ற சரக்கு வருஷத்துக்கு வருஷம் மட்டமாத்தான் இருக்கு. இன்னும் ஏத்தினா, இல்ல மொத்தமா நிறுத்திட்டா, பழைய தரம் திரும்புமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொன்று: உங்களிடம் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒரு வீட்டில் உருகிவிட்டது, அதே மாதிரி 30 பாக்ஸ் இன்னும் கடையில் இருக்கிறது, என்ன செய்வது என்று. இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் முதல் கேள்வி வழியாகப் போனால்தான் அதற்கும் பதில் சரியாக வரும்.

நான் 1987ல் தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பையனாகச் சேர்ந்தேன். பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது என்ன சரக்கு, என்ன விலை என்று கஸ்டம்ஸுக்குக் கொடுக்கிற இறக்குமதிப் பத்திரத்தை, டைப் அடித்து, கட்டைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் மேஜை மேஜையாக நின்ற காலம் அது. 2021 வரை அதே தொழில்தான். என் மனைவியின் தம்பி தண்டையார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். ஆகவே சரக்கு ஊருக்குள் நுழைகிற வாசலையும் பார்த்திருக்கிறேன், எரிந்துபோய் வந்து சேருகிற இடத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்: டூட்டியை மட்டும் ஏற்றினால் தரம் திரும்பாது. சில பொருள்களில் இன்னும் கீழே போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். சாயந்திரம் ஆபீஸ் விட்டு பீச் ஸ்டேஷனுக்கு நடந்தால் வழி நெடுக பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்களுக்குப் பிழைப்புக்காக ஒதுக்கிய இடம். அங்கே 'ஃபாரின்' என்றால் உசத்தி என்று அர்த்தம். சிங்கப்பூரிலிருந்து 'குருவிகள்', அதாவது பெட்டியில் சரக்கு சுமந்து வருகிற ஆட்கள், கொண்டுவந்த டேப் ரிக்கார்டர், கைக்கடிகாரம், டார்ச் லைட், சேலை. நம்மூர்ச் சரக்கைவிட அது பத்து வருடம் கூடுதலாக உழைக்கும் என்று நம்பி வாங்கினார்கள், அது பொய்யும் இல்லை. அப்போது வரி எவ்வளவு தெரியுமா? 1991க்கு முன் சில பொருள்களுக்கு 300 சதவீதத்தையும் தாண்டியது. பெரும்பாலான நுகர்பொருள்களை லைசென்ஸ் இல்லாமல் இறக்கவே முடியாது. மதில் அவ்வளவு உயரம். உள்ளே ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம், வந்த ஸ்கூட்டரைப் பற்றி வாய் திறக்க முடியாது.

அதே பஜாரில் இன்று 'சைனா' என்றால் மட்டம் என்று அர்த்தமாகிவிட்டது. 1991லிருந்து மதில் இறங்கியது. 2001 ஏப்ரல் 1ஆம் தேதி கடைசியாக மிச்சமிருந்த 715 பொருள்களின் அளவுக் கட்டுப்பாடும் போனது. அதே வருடம் டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. விவசாயப் பொருள் அல்லாதவற்றுக்கு உச்ச வரி 2007-08ல் 10 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஆகவே வரி உயர்ந்திருந்தபோது வெளிச்சரக்கு உசத்தியாகவும், வரி இறங்கியபின் மட்டமாகவும் நமக்குத் தெரிந்தது. ஊர் மாறியது காரணமில்லை. கடத்திக்கொண்டு வருகிறவன் பெட்டியில் இருக்கிற கொஞ்ச இடத்துக்கு நல்லதாகப் பார்த்துத்தான் எடுப்பான். கன்டெய்னரில் இறக்குகிறவன் 199 ரூபாய்க்கு எது விற்குமோ அதை ஆர்டர் போடுவான். சீனாவில் இருக்கிற தொழிற்சாலை இரண்டையும் செய்துதரும். ஒரே அச்சில் மூன்று தரம் செய்துதரும். எது வேண்டும் என்று எழுதுகிறவர் நம்மூர் வியாபாரி.

இப்போது கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து இங்கே வந்து இறங்கும் விலை 100 ரூபாய் என்று வைப்போம். அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம் என்றால் 20 ரூபாய். அந்த 20க்கு மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, 2 ரூபாய். ஆக 122. அதற்கு மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குப் போடுகிற ஜிஎஸ்டி, 18 சதவீதம், 21 ரூபாய் 96 காசு. மொத்தம் 143 ரூபாய் 96 காசு. ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி கடைசியில் சொன்ன ஐஜிஎஸ்டியைக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார், அதாவது விற்கும்போது கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். அவர் தலையில் உண்மையாக உட்காருவது 22 ரூபாய். இந்தப் பணத்தைச் சீனாக்காரன் கட்டுவதில்லை, நம்மூர் இறக்குமதியாளர்தான் கஸ்டம்ஸில் கட்டுகிறார். பல பேர் இதையே தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் போட்டபோதும் அங்கே வரி கட்டியது அமெரிக்க இறக்குமதியாளர்தான். அவர் இந்தப் பக்கம் திரும்பி "விலையைக் குறை" என்று கேட்பார். விலை குறைந்தால் எதையோ குறைத்துத்தான் ஆகவேண்டும்.

அதேதான் இங்கேயும். வரி 10லிருந்து 20 ஆனால் வியாபாரிக்கு 100 ரூபாய்ச் சரக்கில் 11 ரூபாய் கூடுதல் சுமை. உங்கள் கடையில் 199க்கு விற்கிற பாக்ஸை 225க்கு எடுப்பீர்களா? மாட்டீர்கள், பக்கத்துக் கடையில் 199 இருக்கும்வரை. ஆகவே அவர் தொழிற்சாலைக்கு எழுதுவார்: "அதே டப்பா, அதே கலர், விலை குறைய வேண்டும்." இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரி என்பது விலைக்குச் சதவீதம். சரக்கின் தரத்தில் 1 ரூபாய் குறைத்தால் அவருக்கு மிச்சமாவது 1 ரூபாய் இல்லை, வரியும் சேர்ந்து குறைந்து 1 ரூபாய் 22 காசு. வரி 40 சதவீதம் ஆனால் 1 ரூபாய் 44 காசு. வரி ஏற ஏற, பொருளைக் கெடுப்பதில் லாபம் கூடுகிறது. நல்ல செம்பு போட்டு, கனமான பிளக் போட்டுக் கொண்டுவருகிறவர் அந்தச் செம்புக்கும் சேர்த்து வரி கட்டித் தோற்கிறார்.

என் மகள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காசிமேட்டில் இருக்கிறாள். காலையில் பள்ளிக்கூட யூனிஃபார்மை அயர்ன் செய்துகொண்டிருந்தபோது கருகல் வாசனை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்கினால் ஒரு பின் சுவரிலேயே நின்றுவிட்டது. நான் அதைப் பையில் போட்டு மச்சான் கடைக்கு எடுத்துப்போனேன். அவர் முதலில் பின்னில் காந்தத்தை வைத்தார், ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பு. ராயபுரம், காசிமேடு உப்புக்காற்றில் முலாம் போக எத்தனை மாதம் ஆகும்? துருப் பிடித்த பின் சாக்கெட்டில் சரியாகக் கவ்வாது, கவ்வாத இடத்தில் சூடேறும். பிறகு ஒயரை வெட்டி இழைகளைப் பிரித்து எண்ணினார். உறையில் 1 சதுர மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தது. அந்த அளவுக்கு வழக்கமாக 0.3 மி.மீ. தடிப்பில் 14 இழை இருக்கவேண்டும், மெல்லிய இழையாக இருந்தால் 0.2 மி.மீ. தடிப்பில் 32. இதில் மெல்லிய இழை, அதுவும் 12தான். அதில் ஒன்றைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்த ஒயர் அதற்கு எப்படித் தாங்கும்?

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மேட் இன் இந்தியா. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் கஸ்டம்ஸில் நின்று இது வெளிநாட்டுச் சரக்கின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இது எந்தத் துறைமுகத்தையும் தாண்டவில்லை. மதிலுக்கு உள்ளேயே, 199 ரூபாய் என்ற விலையைக் குறிவைத்துச் செய்தது. வெளிச்சரக்கு வரியோடு வந்து இறங்கும் விலைக்கு ஐந்து ரூபாய் கீழே வைத்தால் போதும் என்றுதான் உள்ளூர்க்காரரும் கணக்குப் போடுகிறார். தரத்தில் போட்டி போட யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

செம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசவேண்டும், ஏனென்றால் உங்கள் கடைச் சரக்கில் பாதி அதுதான். ஃபேன், மிக்ஸி, ஒயர், பிளக் என்று எல்லாவற்றிலும் செம்போ பித்தளையோ உண்டு. 2002ல் உலகச் சந்தையில் செம்பு டன் 1,550 டாலர் சுற்றி இருந்தது. டாலர் 48 ரூபாய் சொச்சம். கிலோவுக்கு 75 ரூபாய் என்று வருகிறது. 2021 மே மாதம் டன் 10,000 டாலரைத் தாண்டியது, டாலர் 73 ரூபாய். கிலோ 730. கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே காலத்தில் சாதாரண சீலிங் ஃபேன் விலை பத்து மடங்கு ஏறியதா? ஏறவில்லை. ஏறியிருந்தால் வியாசர்பாடியில் யார் வாங்குவார்கள்? விலையும் ஏறாமல் செம்பும் குறையாமல் இருக்க வழியில்லை. 2018 மேயில் தூத்துக்குடி செம்பு ஆலை மூடப்பட்டபின் சுத்திகரித்த செம்பை இந்தியா வெளியிலிருந்து அதிகம் வாங்கவேண்டி வந்தது. ஆலை மூடப்பட்டதன் நியாயம் வேறு விஷயம், அதை இங்கே பேசவில்லை. செம்புக்கும் இறக்குமதி வரி உண்டு, அது உள்ளூர் ஃபேன்காரர் தலையில்தான்.

மச்சான் கடையில் இரண்டு காயில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று அவர் தொழில் படித்த காலத்து ஃபேனிலிருந்து கழற்றியது, கையில் எடுத்தால் கனக்கும். இன்னொன்று போன வருடத்தது. பார்க்க ஒரே நிறம். காயலான் கடைக்காரர் வந்தால் தராசில் வைப்பதற்கு முன் சுரண்டிப் பார்ப்பார். "இது வெள்ளைண்ணே" என்று தனியாக ஒதுக்கிவிடுவார். ஏமாறாத ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் கைக்காசு போட்டு உலோகத்தை உலோகமாக வாங்குகிறார். அலுமினியமே கெட்டது என்று சொல்லவில்லை. தெருவில் போகும் மின்கம்பியே அலுமினியம்தான். செம்பு கடத்துவதில் 60 சதவீதம் சொச்சம்தான் அது கடத்தும், ஆகவே குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும்படி போடவேண்டும். செம்புக்காகச் செய்த பள்ளத்துக்குள் அதே தடிப்பில் அலுமினியத்தைச் சுற்றினால் சூடேறும், வார்னிஷ் கருகும், சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஓடுகிற ஃபேன் இரண்டாவது வருடமே என் மச்சானிடம் வரும். வந்தால் அவரும் பல சமயம் "வேண்டாம்மா, புதுசே வாங்கிக்கோ" என்றுதான் சொல்கிறார். செம்பு போட்டுச் சுற்றினால் கூலியோடு புது ஃபேன் விலையைத் தொட்டுவிடுகிறது. அவர் தெருவில் இருந்த வைண்டிங் கடைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பழுது பார்க்கிற ஆள் போனபின் எது எத்தனை நாள் உழைத்தது என்று கடைக்காரருக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

வெளிநாட்டின் மேலேயே பழி போடுகிறவர்களுக்கு நான் குடத்தைத்தான் காட்டுவேன். தண்ணி லாரி வரும்போது நம் தெருக்களில் வரிசையாக நிற்கிற பிளாஸ்டிக் குடம் எந்தக் கப்பலில் வந்தது? காற்றை ஏற்றுமதி செய்வது போல, அதைக் கன்டெய்னரில் கொண்டுவரக் கட்டுப்படியே ஆகாது. எல்லாம் உள்ளூர். பழைய குடத்தை இடுப்பில் வைத்தால் நெளியாது. இப்போது வாங்குவது தண்ணீர் நிரம்பினால் கழுத்தைப் பிடித்துத் தூக்கும்போது முட்டை வடிவத்துக்கு நெளிகிறது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைக் கூடக் கலந்து, சுவரை மெலிதாக்கி, அதே உயரத்துக்கு ஊதிவிடுகிறார்கள். போட்டிச் சரக்கே வெளியிலிருந்து வராத பொருளிலும் தரம் இதே வழியில் இறங்கியிருக்கிறது.

எவர்சில்வர் கதையும் இதுதான். தங்கசாலைத் தெருப் பக்கம் கல்யாணப் பாத்திரம் எடுக்கப் போனால் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள், ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்பார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கல் விலை அதிகம், அதனால் குறைத்தார்கள். இரண்டாவது ரகம் கடலோரத்தில் சீக்கிரம் துருப்புள்ளி போடும். ஒரு சொட்டு திரவமும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற சோதனை வியாபாரிகளிடம் உண்டு. கேட்டால் செய்து காட்டுவார்கள், நாம்தான் கேட்பதில்லை.

இன்வாய்ஸ் பொய்யையும் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் நேர்மையான இறக்குமதியாளரைத் தொழிலை விட்டே துரத்துவது அதுதான். 100 ரூபாய்ச் சரக்கை 60 என்று இன்வாய்ஸில் காட்டுவார்கள். வரி 20 சதவீதமாக இருக்கும்போது நேர்மையானவர் 22 கட்டுகிறார், மற்றவர் 13 ரூபாய் 20 காசு. வித்தியாசம் 8 ரூபாய் 80 காசு. வரியை 40 ஆக்கினால் வித்தியாசம் 17 ரூபாய் 60 காசு. பொய்க்குக் கூலி இரட்டிப்பாகிறது. கஸ்டம்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. 2007ஆம் வருட மதிப்பீட்டு விதிகளில் 12ஆம் விதியின்படி சந்தேகம் வந்தால் காட்டிய விலையை நிராகரிக்கலாம். மற்றவர்கள் அதே சரக்கை என்ன விலைக்கு இறக்கினார்கள் என்று கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு அப்ரைஸர், அதாவது சரக்கை மதிப்பிடும் கஸ்டம்ஸ் அதிகாரி, கேட்பார். அதில் பதில் சொல்லத் திணறி வியர்த்தவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கவரிங் நகைகளுக்கு 2022 பட்ஜெட்டில் கிலோவுக்குக் குறைந்தது 400 ரூபாய் வரி என்று வைத்ததும், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் கீழே உள்ள சிகரெட் லைட்டரை இறக்கவே கூடாது என்று தடுத்ததும் இந்தப் பொய்விலையையும் மட்டச் சரக்கையும் அடைக்கத்தான். லைட்டர் விஷயத்தில் கோவில்பட்டி, சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. ஆசியான், அதாவது நம்மோடு வர்த்தக ஒப்பந்தம் உள்ள தென்கிழக்கு ஆசிய நாட்டுச் சரக்கு என்று சான்றிதழ் வாங்கி, சீனச் சரக்கையே சலுகை வரியில் கொண்டுவரும் வழி ஒன்றும் இருந்தது. 2020 செப்டம்பரில் வந்த விதிகளுக்குப் பிறகு, அந்தப் பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்கவேண்டும் என்று ஆயிற்று.

டூட்டியே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் மிதித்து வளர்ந்தவன். 1955ல் இங்கிலாந்திலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கிய என்ஃபீல்டு, 1962க்குள் எல்லாப் பாகத்தையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டது. மதில் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்தக் கற்றலில் வடசென்னையில் எத்தனை பேர் ஃபிட்டர், டர்னர் ஆனார்கள், எத்தனை வீடு எழும்பியது! பாதுகாப்பு கொடுத்தது சரி. அதற்குப் பதிலாக என்ன தரம் தருகிறாய், எந்த வருடத்துக்குள் தருகிறாய் என்று கேட்காமல் விட்ட இடங்களில்தான் மதில் சோம்பலுக்குக் குடை பிடித்தது. பெரம்பூர் பி அண்ட் சி ஆலை 1996ல் மூடப்பட்டபோது வெளிநாட்டு ஆயத்தத் துணி இங்கே தாராளமாக வரவே அனுமதி இல்லை. பாதுகாப்பு இருந்தும் அது போய்விட்டது. அந்தத் தெருக்களில் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வரியும் தரமும் சேர்ந்து வேலை செய்த இடம் என்று நான் கண்ணால் பார்த்தது பொம்மை. 2019ல் இந்தியத் தரக் குழுமம் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது சுமார் 67 சதவீதம் தேறவில்லை. குழந்தை வாயில் வைக்கிற பொருள்! அந்த டிசம்பரில் ஒவ்வொரு கன்சைன்மென்ட்டிலும் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி, தேறினால்தான் விற்கலாம் என்று உத்தரவு வந்தது. எங்கள் ஆபீசில் அன்று போன் ஓயவில்லை. சரக்கு மாதவரம், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் நிற்கிறது, வாடகை ஏறுகிறது, தேறாவிட்டால் திருப்பி அனுப்பவேண்டும் அல்லது அழிக்கவேண்டும். 2020 பிப்ரவரியில் வரி 20லிருந்து 60 ஆனது, 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், 2023ல் வரி 70. மட்டமான பொம்மை இறக்கியவர்கள் விலகியது எதனால் என்று கேட்டால், வரியைவிட லேப் அறிக்கையால் என்றுதான் சொல்வேன். வரியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை போடலாம், தேறாத பொம்மையை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவேண்டும்: முத்திரைக்கான சோதனைச் செலவு சின்னப் பொம்மைக்காரரையும் அழுத்தியது. தரக் கட்டாயத்தையே மறைமுக மதிலாக ஆக்கினால் அடி சின்னவர்களுக்குத்தான். பாலியெஸ்டர் நூல், பிளாஸ்டிக் மூலப்பொருள் சிலவற்றுக்கு வைத்த கட்டாய ஆணைகளை 2025 நவம்பரில் மத்திய அரசே திரும்பப் பெற்றது. நூலுக்குக் கட்டாயம் வைப்பதும், கரண்டு பாயும் பிளக்குக்குக் கட்டாயம் வைப்பதும் ஒன்றில்லை. உயிர் போகிற பொருளில் நான் ஒரு அங்குலமும் இறங்க மாட்டேன்.

இனி உங்கள் 30 பாக்ஸ். ஒன்றை எடுத்து அறுத்துப் பாருங்கள். பின்னில் காந்தம், ஒயரில் பிளேடு, இழையை எண்ணுங்கள். ஒயரின் உறையில் ஐ.எஸ். 694 என்றும் பிளக்கில் ஐ.எஸ். 1293 என்றும் இருக்கிறதா பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருந்தால் போதாது, முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கவேண்டும். சார்ஜர், எல்.இ.டி. பல்பு மாதிரிச் சரக்கானால் ஆர் என்று தொடங்கும் எண். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது, உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே வந்துவிடும். மொத்தக் கடை வாசலில் நின்றே பார்க்கலாம், அரை நிமிஷ வேலை. டப்பாவில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாடு, எந்த மாதம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல எண், இத்தனையும் சட்டப்படி இருக்கவேண்டும். முகவரி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். இது உங்களைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்தவர் யார் என்று தெரியாத பொருளால் ஒருவருக்குத் தீங்கு வந்தால் விற்ற கடைக்காரரே பொறுப்பாளி ஆகலாம். 199 ரூபாய் பாக்ஸில் உங்களுக்கு என்ன கிடைக்கும், முப்பதா, நாற்பதா? அதற்காக ஒரு வீடு எரிந்த வழக்கைச் சுமக்க முடியாது.

சோதனையில் தேறாவிட்டால் பில்லோடு மொத்தக் கடைக்குத் திருப்புங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால், தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் காசு போனதுதான். பில் இல்லாத சரக்கு மலிவாக வந்ததற்குக் காரணமே, பிறகு யாரும் யாரையும் கேட்க முடியாது என்பதுதான். தள்ளுபடிக் கூடையில் போடவேண்டாம். அதை எடுத்துப் போகிறவர்கள்தான் அதிலேயே அயர்ன் பாக்ஸும் மாட்டுவார்கள். ஒயரை அடியோடு வெட்டிவிட்டு காயலான் கடைக்குப் போடுங்கள், வெட்டாமல் போட்டால் வேறு ஒரு கடையில் மறுபடி முளைக்கும். அடுத்து, நல்ல பாக்ஸ் 450 ரூபாய் ஆகும் என்றால் இரண்டையும் அறுத்து ஒரு அட்டையில் கட்டிக் கல்லாப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். என் மச்சான் அப்படித்தான் காயிலைத் தொங்கவிட்டிருக்கிறார், பார்த்தவர்களில் பாதிப் பேராவது கூடுதல் காசு கொடுத்துச் செம்பு கேட்கிறார்கள். வண்ணாரப்பேட்டை ஜனம் கஷ்டப்படுகிற ஜனம்தான், ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் காசு எண்ணிக் கொடுப்பார்கள்.

ஏற்கெனவே விற்ற பாக்ஸ்கள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று உங்களுக்கு ஓரளவு நினைவிருக்கும். பெரும்பாலும் தெருக்காரர்கள்தானே. இன்றைக்கே போன் போடுங்கள். மாற்றித்தர முடிந்தால் மாற்றித்தாருங்கள். முடியாவிட்டால் செல்போன் சார்ஜருக்கு மேல் எதையும் அதில் மாட்ட வேண்டாம், கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் நேராகச் சுவர் பாயிண்ட்டில் மாட்டுங்கள் என்றாவது சொல்லிவிடுங்கள். அறுத்துப் பார்த்த பாக்ஸில் எத்தனை இழை இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.